சிவப்புப் புள்ளிக்கு எதிரான வழக்கு

என் அண்ணி வானத்தை ஆராய்கிறவர் என்று சொன்னால் போதும், சொந்தக்காரர்கள் உடனே கேட்பது ஒரே கேள்விதான்: "அப்போ ராத்திரியெல்லாம் முழிச்சிருப்பாங்களா?" அண்ணி பத்து மணிக்கெல்லாம் குறட்டை விடுகிற ஆள். காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து, பல்கலைக்கழகத்தின் மூன்றாவது மாடியில் ஜன்னலே இல்லாத ஓர் அறைக்குப் போய், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சாயங்காலம் கழுத்து வலியோடு திரும்பி வருகிற உத்தியோகம் அது. தொலைநோக்கி இந்த ஊரில் என்ன, இந்தப் பூமியிலேயே இல்லை. அது தன் பாட்டுக்கு விண்வெளியில் இருக்கிறது. அது எடுக்கும் படங்கள்தான் இங்கே வந்து சேர்கின்றன. அந்தப் படங்களில் மங்கலான சிவப்புப் புள்ளிகளைத் தேடுவது அண்ணியின் வேலை.

நான் அவருடைய நாத்தனார். டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். நாள் முழுக்க பயந்த மனிதர்களோடு ஒரே காரில் உட்கார்ந்து "பிரேக், பிரேக்" என்று கத்துகிறவளுக்கு எவ்வளவு பொறுமை மிச்சம் இருக்கும்? சுற்றி வளைத்துப் பேசுவது எனக்கு ஆகாது. நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

அண்ணன் காதலித்தபோது அண்ணி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவராக இருந்தார். அண்ணன் லிப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்து லிப்டை ரிப்பேர் செய்யப் போனவன், கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பினான். அதில் பவரே இல்லை என்பதை நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் கல்யாணப் பேச்சே முடிந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அண்ணி கடை வேலையோடு சேர்த்து மாலைக் கல்லூரியில் இயற்பியல் படிக்கத் தொடங்கினார். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று வீட்டில் கேட்டார்கள். "கண்ணால எதுவரைக்கும் பார்க்க முடியும்னு தெரிஞ்சுக்கணும்" என்றார். பிள்ளைகள் பிறந்தார்கள், படிப்பு நிற்கவில்லை. தலையில் நரை எட்டிப் பார்க்கிற வயதில், தன்னைவிடச் சின்னவர்கள் நிறைந்த ஆராய்ச்சிக் குழுவில் போய்ச் சேர்ந்தார்.

அந்தச் சிவப்புப் புள்ளியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நான் கேட்டது என் காரில் வைத்துத்தான். அண்ணிக்கு நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது சுத்தமாக வரவில்லை.

"அண்ணி, முன்னாடி நிக்கிற லாரி எவ்ளோ தூரத்துல இருக்குன்னு உங்களுக்குத் தெரியல. நீங்க போய் நட்சத்திரம் எவ்ளோ தூரம்னு சொல்லப் போறீங்களாக்கும்?"

"லாரி ரொம்பக் கிட்ட இருக்குடி. அதான் கஷ்டமா இருக்கு" என்றார், சிரிக்காமல்.

பிறகு காரை ஓரம் கட்டிவிட்டு விளக்கினார். வெளிச்சத்துக்கும் வந்து சேர நேரம் பிடிக்கும். சூரியனிலிருந்து புறப்படும் வெளிச்சம் நம்மைத் தொட எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஆகவே நாம் பார்ப்பது இப்போதைய சூரியன் இல்லை, எட்டு நிமிஷத்துக்கு முந்தைய சூரியன். தூரம் கூடக் கூட, நாம் பார்ப்பது பழசாகிக்கொண்டே போகும். போதுமான தூரத்தைப் பார்த்தால், பிரபஞ்சம் குழந்தையாக இருந்த காலமே கண்ணில் படும். பிரபஞ்சத்துக்கு இப்போது வயது ஏறக்குறைய ஆயிரத்து நானூறு கோடி வருஷம். அதை எண்பது வயதுப் பெரியவர் என்று வைத்துக்கொண்டால், அண்ணி தேடுவது அவருடைய இரண்டு வயதுப் போட்டோவை.

"அந்தப் போட்டோவ யாரு எடுத்து வச்சா?"

"யாரும் எடுத்து வைக்கல. அப்பக் கிளம்பின வெளிச்சம் இப்பத்தான் வந்து சேருது. நாம அந்தப் பக்கம் பார்த்துகிட்டு இருக்கணும், அவ்ளோதான்."

சிவப்பு எதற்கு என்றும் சொன்னார். பிரபஞ்சம் விரிந்துகொண்டே போவதால், வழியில் வருகிற வெளிச்சமும் இழுபடுகிறது. நீலமாகப் புறப்பட்டது சிவப்பாகி, சிவப்பையும் தாண்டி, நம் கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பாக வந்து சேர்கிறது. அது போதாதென்று, ஆதி காலத்தில் எங்கும் பரவிக் கிடந்த ஹைட்ரஜன் வாயு, நீலப் பக்கத்து வெளிச்சத்தில் ஓர் அலைநீளத்துக்குக் கீழே உள்ளதை மிச்சம் வைக்காமல் விழுங்கிவிடுகிறது. அதனால் அந்தக் காலத்து விண்மீன் மண்டலம் ஒன்றை நீலப் பக்கத்து வடிகட்டியில் படமெடுத்தால் அந்த இடம் காலி. சிவப்புப் பக்கத்து வடிகட்டிக்கு மாற்றினால் சட்டென்று ஒரு புள்ளி. ஒன்றில் இல்லாமல் இன்னொன்றில் இருப்பதுதான் அடையாளம்.

ஆனால் இதில் ஒரு வில்லன் உண்டு. அது தூசி. பக்கத்திலேயே இருக்கும் விண்மீன் மண்டலத்தில் தூசி அடைந்து கிடந்தாலும் நீலம் மறைந்து சிவப்பு மட்டும்தான் தெரியும். பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரி சிவப்புப் புள்ளிதான். அண்ணி முதல் தடவை மாட்டியது அங்கேதான்.

குழுவில் சேர்ந்து சில வருஷத்தில் அவர் ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தார். எல்லாரும் பார்த்தார்கள், கணக்குப் போட்டார்கள், ஆமாம் ஆமாம் என்றார்கள். பத்திரிகையில் வந்தது. எங்கள் சித்தப்பா தலைகால் புரியாமல் ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னார். அப்புறம் வேறொரு நாட்டுக் குழு அந்தப் புள்ளியின் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்து, அது ஆதி காலமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, அக்கம்பக்கத்தில் தூசி படிந்து கிடக்கும் ஒன்று என்று எழுதியது. மானம் கப்பலேறியது. குடும்ப விருந்து ஒன்றில் அதே சித்தப்பா எல்லார் முன்னாலும் கேட்டார்: "என்னம்மா, உலகத்தோட எல்லையில இருக்குன்ன, கடைசில பக்கத்து வீடுதானாமே?" அன்றிலிருந்து சொந்தத்தில் அண்ணிக்குப் பெயரே 'பக்கத்து வீடு' என்றாகிவிட்டது.

அண்ணி அங்கே சிரித்து வைத்தார். வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். நான் கதவைத் தட்டினேன். சித்தப்பாவைப் போய் நாலு கேள்வி கேட்கட்டுமா என்றேன்.

"அவர் சொன்னது பரவாயில்ல. நான் பார்த்தேன்ல? என் கண்ணால பார்த்து, நிச்சயமா நம்பினேன். அது தப்பு. இனிமே என் கண்ண நானே எப்படி நம்புறது?"

எனக்கு ஆத்திரமாக வந்தது, ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

இன்னொருத்தியாக இருந்தால் வேலையை விட்டிருப்பாள். அண்ணி மறுவாரமே குழுவை நடத்தும் புரொபசரிடம் போய் ஒரு விதி கேட்டார். இனிமேல் புள்ளியைக் கண்டுபிடித்தவரே அதற்கு எதிராக வாதாட வேண்டும். தன் புள்ளியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூடாது, தன் அபிப்பிராயத்தையும் சொல்லக்கூடாது. அதைக் காப்பாற்றுவது மற்றவர்கள் பாடு. வாதம் நடக்கும்போது இந்தத் துறையே தெரியாத வெளியாள் ஒருவர் அறையில் இருக்க வேண்டும்; அவருக்குப் புரியவில்லை என்றால் வழக்கு தள்ளிவைக்கப்படும். புரொபசர் முதலில் சிரித்தார், அப்புறம் யோசித்தார், அப்புறம் ஒப்புக்கொண்டார். அந்த விதி வந்த பிறகு அண்ணி கண்டுபிடித்த புள்ளிகளை எல்லாம் அண்ணியே தீர்த்துக்கட்டினார். இதில் தூசி, அதில் கேமராக் கோளாறு, இன்னொன்று நம் வீட்டு வாசலில் இருக்கும் மங்கல் நட்சத்திரம். வருஷக்கணக்கில் ஒன்றுகூட உயிரோடு தப்பவில்லை.

பிறகு ஒரு புள்ளி சாகமாட்டேன் என்றது.

வீட்டில் அதை முதலில் கண்டுபிடித்தவன் அண்ணன். அண்ணி குழம்பில் உப்பே போடாமல் இறக்கிவைத்துவிட்டு, அதையே ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். என்ன என்று கேட்டதற்குக் கடைசியில் சொல்லிவிட்டார். வாரக்கணக்கில் அந்தப் புள்ளியைக் கொல்லப் பார்க்கிறார், முடியவில்லை. இதற்கு மேல் ஒளித்து வைக்கவும் முடியாது. புள்ளியின் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்க்க, விண்வெளித் தொலைநோக்கியில் குழுவுக்கு ஒரே ஒரு வாய்ப்பு கிடைத்திருந்தது. அதற்குப் புரொபசர் ஏற்கெனவே தன்னுடைய புள்ளி ஒன்றை எடுத்து வைத்திருந்தார். அது அவ்வளவு தூரம் இல்லை, ஆனால் உறுதியானது. அண்ணியுடையது நிஜமாக இருந்தால் குழு பார்த்ததிலேயே ஆகத் தூரமானது. பொய்யாக இருந்தால் வாய்ப்பும் போச்சு, இரண்டாவது பக்கத்து வீடும் ஆச்சு.

"இதுவும் தூசின்னா நான் திரும்பக் கண்ணாடிக் கடைக்கே போயிடுறேன்" என்று அண்ணனிடம் சொன்னாராம்.

வழக்குக்கு வெளியாளாக அண்ணன்தான் போவதாக இருந்தது. அன்று பார்த்து ஓர் ஆஸ்பத்திரி லிப்ட் பாதியில் நின்றுவிட, அவன் அங்கே ஓடினான். நான் போனேன்.

நீள மேஜை, பெரிய திரை, ஆறிப்போன காபி. திரை நடுவில் அந்தப் புள்ளி. இவ்வளவு கூத்துக்கும் காரணம் இதுவா என்றிருந்தது எனக்கு. சட்டையில் சிந்திய மைத்துளிகூட இதைவிடப் பெரிதாக இருக்கும். அண்ணி எழுந்து நின்று, தன் சொந்தப் புள்ளியைத் திட்ட ஆரம்பித்தார்.

"முதல் குற்றச்சாட்டு. இது தூரத்துல இருக்கிற கேலக்ஸி இல்ல, நம்ம பக்கத்துல இருக்கிற மங்கலான குளிர்ந்த நட்சத்திரம். அப்படின்னா வருஷத்துக்கு வருஷம் கொஞ்சமாவது நகரணும். பழைய படத்தையும் புதுப் படத்தையும் வச்சு அளந்தேன். நகரல. இந்தக் குற்றச்சாட்டு விழுந்துபோச்சு."

"ரெண்டாவது, தூசி." அந்த வார்த்தையைச் சொன்னதும் எங்கள் பக்கம் பார்க்காமல் திரைக்குத் திரும்பிக்கொண்டார். "தூசின்னா அது சூடாகி ரேடியோ பக்கத்துல மினுங்கணும். ரேடியோ படத்துல அந்த இடம் இருட்டா இருக்கு. ஆனா தூசி ரொம்பக் கம்மின்னா படத்துல விழாமலும் போகலாம். இது பாதிதான் விழுந்திருக்கு."

"மூணாவது, இது பாதித் தூரத்துல இருக்கிற ஒரு கேலக்ஸி. அதுல வாயு சில நிறத்துல மட்டும் பளிச்சுன்னு எரியும். அந்த நிறமெல்லாம் சரியா நம்ம சிவப்பு வடிகட்டிகள்ல வந்து விழுந்தா, தூரத்து கேலக்ஸி மாதிரியே வேஷம் போடும். இத என்னால உடைக்க முடியல. இந்தக் குற்றச்சாட்டு நிக்குது."

குழுவில் தாடி என்று கூப்பிடப்படும் ஓர் இளைஞர், அண்ணிக்குத் தம்பி மாதிரி. அவர்தான் புள்ளியின் பக்கம் வாதாடினார். "அக்கா, அந்த நிறமெல்லாம் அவ்ளோ கச்சிதமா வந்து விழறதுக்கு எவ்ளோ அதிர்ஷ்டம் வேணும்?" என்றார். "நமக்கு ஏற்கெனவே ஒரு தடவ அப்படி ஒரு அதிர்ஷ்டம் அடிச்சிருக்கு" என்றார் அண்ணி. யாரும் சிரிக்கவில்லை.

நான் கையைத் தூக்கினேன். "அப்ப எது நிஜம்னு எப்படித்தான் தெரியும்?"

"வெளிச்சத்தப் பிரிச்சு வரைஞ்சு பார்த்தா தெரியும். ஆதி கேலக்ஸின்னா ஒண்ணுமே இல்லாம ஓடுற கோடு, ஒரு இடத்துல சுவர் மாதிரி நேரா மேல ஏறும். அந்தச் சுவர் எங்க இருக்குங்கறத வச்சு எவ்ளோ தூரம்னு சொல்லிடலாம். வேஷம் போடுறதுன்னா சுவர் இருக்காது. அங்கங்க முள்ளு முள்ளா நிக்கும்."

அது எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? "சரி அண்ணி, இவ்ளோ திட்டுறீங்க. உங்களுக்கு என்னதான் தோணுது?"

"விதிப்படி அவங்க அத சொல்லக்கூடாது" என்றார் புரொபசர். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். அந்த விதியைப் போட்டவரே அவர்தான் என்பதால் எனக்கு இரண்டு மடங்கு எரிச்சல்.

ஓட்டெடுப்பு சரிபாதியாக வந்து நின்றது. மீதி இருந்தது புரொபசர் ஓட்டு. தன் புள்ளியை விட்டுக்கொடுத்தால்தான் அண்ணியின் புள்ளிக்கு வழி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார்.

"என் புள்ளி நமக்கு ஏற்கெனவே தெரிஞ்சதத்தான் இன்னொரு தடவ சொல்லும். இது என்ன சொல்லும்னு எனக்குத் தெரியல. அதனால இதையே பார்ப்போம்."

காத்திருந்த நாட்களைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. அண்ணி வீட்டில் இருந்த எல்லா அலமாரிகளையும் கவிழ்த்துப் போட்டு அடுக்கினார், அவ்வளவுதான்.

ஒரு நாள் முற்பகலில் போன் வந்தது. "வந்திருச்சு. இன்னும் திறக்கல. நீ வர்றியா?" அப்போது என் பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வங்கி மேலாளர் வியர்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மூன்றாவது கியரே அன்றைக்குத்தான் அறிமுகம். "சார், இன்னிக்கு நெரிசல்ல ஓட்டப் பழகிக்கலாம்" என்று சொல்லி அவரையே பல்கலைக்கழகம்வரை ஓட்டவைத்தேன். பாவம், நான் இறங்கும்போது நன்றி வேறு சொல்லிவிட்டு, காரிலேயே காத்திருந்தார்.

அறையில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். தாடி கோப்பைத் திறந்தார். திரையில் கோடு இடமிருந்து வலமாக ஓடியது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, வெறும் கிறுக்கல். திடீரென்று அந்த ஒன்றுமில்லாததன் நடுவே ஒல்லியாக ஒரு முள்.

போச்சு என்று நினைத்தேன். முள் என்றால் என்ன அர்த்தம் என்று அன்றைக்கே சொல்லியிருந்தார்களே. அதற்கு வலது பக்கத்தில் கோடு மேலே ஏறி நின்றதைக்கூட நான் கவனிக்கவில்லை. அண்ணி மட்டும் திரைக்குக் கிட்டப் போனார்.

"மொத்தமா கூட்டினது வேணாம். ஒவ்வொரு தடவ எடுத்ததையும் தனித்தனியா போடு."

தாடி போட்டார். முதலாவதில் முள் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் முள் நெட்டுக்குத்தலாக நின்றது. மீதி எதிலும் இல்லை. நிஜமான வெளிச்சம் என்றால் எல்லாவற்றிலும் இருந்தாக வேண்டும். ஒரே ஒரு தடவை விண்வெளியில் எங்கிருந்தோ கிளம்பி வந்த ஒரு துகள் கேமராவில் மோதிவிட்டுப் போயிருக்கிறது. தாடி "அவ்ளோதான் அக்கா!" என்று குதித்தார். அண்ணி விடவில்லை. அந்த ஒன்றை நீக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து கூட்டச் சொன்னார். வேறொரு முறையில் கூட்டச் சொன்னார். பக்கத்துக் காலி வானத்தைக் கூட்டி, அங்கே இதே மாதிரி பொய்ச் சுவர் ஏதும் எழும்புகிறதா என்று பார்க்கச் சொன்னார். யாரும் சாப்பிடப் போகவில்லை. எனக்குப் பசித்தது, சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒவ்வொரு தடவையும் அதே கோடு வந்தது. இடது பக்கம் இருட்டு, பிறகு ஒரே ஏற்றமாகச் சுவர். ஹைட்ரஜன் விழுங்கியது போக மிஞ்சியது அந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. தாடி சுவரின் அடியில் கோடு போட்டு, கணக்கிட்டு, எண்ணை உரக்கப் படித்தார். பிரபஞ்சம் பிறந்து முப்பது கோடி வருஷத்துக்குச் சற்று மேலே. அந்த வெளிச்சம் கிளம்பியபோது பூமி இல்லை, சூரியனே இல்லை.

அந்தப் புள்ளிக்கு இப்போது உலகம் முழுக்கப் பயன்படுத்தும் பட்டியலில் ஓர் எண் இருக்கிறது. முன்பு மறுத்த அதே வெளிநாட்டுக் குழு அதைச் சரிபார்த்து, சரி என்று எழுதிவிட்டது. சித்தப்பா 'எங்க வீட்டுப் பொண்ணு' என்று தெருவெல்லாம் மார்தட்டுகிறார். நானும் போகிறது போ என்று விட்டுவிட்டேன். இதெல்லாம் பிற்பாடு வந்தது. எனக்கு வேண்டியது அந்த அறையில் அன்று நடந்ததுதான்.

புரொபசர் வழக்கப்படி கேட்டார்: "எதிர்த்தரப்பு என்ன சொல்லுது?"

அண்ணி எழுந்து நின்றார். திரையைப் பார்த்தார். இன்னும் ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று தேடுகிறார் என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் இரண்டு கையையும் விரித்தார்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல சார். எல்லாம் தீர்ந்துபோச்சு."

அவ்வளவுதான். மேஜைமேல் ஏறாத குறை. தாடி யாரையோ கட்டிப்பிடித்தார், யாரோ காபியைத் தட்டிவிட்டார்கள், பக்கத்து அறைக்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். நான் போட்ட சத்தத்துக்குக் கீழே காரில் இருந்த வங்கி மேலாளரே நிமிர்ந்து பார்த்திருப்பார். புரொபசர் மட்டும் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். "வழக்கு முடிஞ்சுது. விதியும் முடிஞ்சுது. இப்ப சொல்லுங்க, உங்களுக்கு என்ன தோணுச்சு?"

அண்ணிக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இந்த முறை குழாயைத் திறந்துவிட வேண்டும் என்றெல்லாம் அவருக்குத் தோன்றவில்லை. எல்லாரையும் பார்த்துக்கொண்டே, முகத்தைக்கூடத் துடைக்காமல், அந்த அறையே கேட்கும்படி சொன்னார்:

"நான் மொத நாளே பார்த்துட்டேன் சார். நான் பார்த்தது சரி."